கஷாயமும் ஊசியும் சேரலாமா?

நிமோனியா பொல்லாத வியாதி.

சாதாரண ஜலதோஷம் போலத்தான் வரும். இருமல் இருக்கும். காய்ச்சல் இருக்கும். பிறகு மூச்சு வாங்கும். அப்போதும் கவனிக்காமல் விட்டால் உயிரையே கொண்டுபோய்விடும்.

2019ல் மட்டும், 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 7 லட்சத்து 40 ஆயிரம் பேர் இந்த வியாதியால் இறந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது. வயோதிகர்களையும் இது விடுவதில்லை.

இந்த நிமோனியாவுக்குச் சீனாவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே நோயாளிக்கு இரண்டு வைத்தியம் செய்வார்கள்! கையில் ஊசி ஏறும். மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருக்கும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் மூலிகைக் கஷாயமும் இருக்கும். ஆங்கில மருத்துவம் ஒரு பக்கம். அந்த நாட்டின் பழைய வைத்தியம் மறு பக்கம்.

இப்படி இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா? சேர்த்தால் பலன் கூடுமா? அல்லது கெடுதல் வருமா?

சேரலாம் என்றே நாம் சொல்லுவோம். ஆனால் கஷாயம் துணைக்குத்தான் வரவேண்டும். ஊசியின் இடத்தை அது பிடிக்கக் கூடாது. டாக்டருக்குத் தெரியாமல் வரவும் கூடாது.

ஏன் இப்படிச் சொல்லுகிறோம்? சீனாவில் நடந்தவைகளே இதற்குச் சாட்சி.

நுரையீரலில் என்ன நடக்கிறது?

முதலில் வியாதியைத் தெரிந்துகொள்ளுவோம்.

நமது நுரையீரலில் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு காற்றுப் பைகள் இருக்கின்றன. நாம் இழுக்கும் மூச்சு இந்தப் பைகளுக்குள் போகிறது. அங்கிருந்துதான் ரத்தத்துக்கு ஆக்சிஜன் கிடைக்கிறது.

நிமோனியா வந்தால் இந்தப் பைகளில் நீரும் சீழும் நிறைந்துவிடும். காற்று நுழைய இடம் இராது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். நோயாளி மூச்சுக்குத் திணறுவார்.

இதற்குக் காரணம் கிருமி. ஆனால் எல்லாம் ஒரே கிருமி அல்ல. பாக்டீரியா என்ற கிருமியால் வந்தால் பென்சிலின் போன்ற மருந்துகள் அதைக் கொல்லும். வைரஸ் என்ற கிருமியால் வந்தால் பென்சிலின் பலிக்காது. எந்தக் கிருமி என்று பார்த்துத்தான் டாக்டர் மருந்து கொடுக்க வேண்டும். எந்தக் கிருமியாக இருந்தாலும், ஆக்சிஜன் குறைந்தால் ஆக்சிஜன் கொடுத்தே ஆகவேண்டும்.

கஷாயத்தால் ஆக்சிஜன் கொடுக்க முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1,800 ஆண்டுகளுக்கு முன்

சீனாவில் சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் சாங் சுங்ஜிங் என்ற வைத்தியர் இருந்தார். அவருடைய குடும்பம் மிகப் பெரியது. உற்றார் உறவினர் 200 பேருக்கு மேல் இருந்தார்கள்.

நாட்டில் கொள்ளைக் காய்ச்சல் பரவியது. பத்து ஆண்டுக்குள் அவருடைய குடும்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு பேர் மாண்டார்கள். அவர்களில் பத்துக்கு ஏழு பேரைக் கொண்டுபோனது காய்ச்சல்தான். அந்தத் துக்கத்தில், காய்ச்சல் வியாதிகளைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். "ஷாங் ஹான் லுன்" என்பது அதன் பெயர். இன்றும் சீன வைத்தியர்கள் அதைப் படிக்கிறார்கள்.

அந்த நூலில் ஒரு கஷாயம் இருக்கிறது. இருமல், இரைப்பு, காய்ச்சல் மூன்றும் சேர்ந்து வந்தால் அதைக் கொடுப்பார்கள். அதன் பெயர் "மா சிங் ஷி கான் டாங்".

"மா" என்பது "மா ஹுவாங்" என்ற செடியின் தண்டு. "சிங்" என்பது ஆப்ரிகாட் பழக் கொட்டைக்குள் இருக்கும் கசப்புப் பருப்பு. "ஷி" என்பது ஜிப்சம் கல். "கான்" என்பது நமக்குத் தெரிந்த அதிமதுரம். "டாங்" என்றால் கஷாயம். மருந்தின் பெயரைச் சொன்னாலே சரக்குகளின் பட்டியலையும் சொன்னதாகும்!

இது வெறும் மூட நம்பிக்கையா? அப்படித் தள்ளிவிட முடியாது.

மா ஹுவாங் செடியிலிருந்து 1885ல் ஜப்பானிய விஞ்ஞானி நாகாய் ஒரு சத்தைப் பிரித்து எடுத்தார். அதுதான் எபிட்ரின். 1920களில் பீக்கிங் நகர மருத்துவக் கல்லூரியில் கே.கே. சென், கார்ல் ஷ்மிட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அதைச் சோதித்தார்கள். மூச்சுக் குழாயை அது விரிக்கிறது என்று தெரிந்தது. பிறகு உலகம் முழுவதும் டாக்டர்கள் அதை ஆஸ்துமாவுக்குக் கொடுத்தார்கள்.

ஆகவே, பழைய கஷாயத்தில் சத்து இருந்தது உண்மை. ஆனால் அதே எபிட்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றும். இருதயத்தைப் படபடக்க வைக்கும். கசப்புப் பருப்பு அளவுக்கு மீறினால் சயனைடு விஷம் உண்டாகும். அதிமதுரத்தையும் அளவில்லாமல் பல நாள் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும்.

பலன் தரும் மருந்து எதுவும் கெடுதலும் செய்யக் கூடும். "மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்று சொல்லுவது தவறு.

ஒழிக்கப் பார்த்தார்கள்

சீனாவிலேயே இந்த வைத்தியத்தை ஒழிக்க ஒரு முயற்சி நடந்தது. 1929ல் அன்றைய அரசாங்கத்தில் அதற்கு ஒரு திட்டம் வந்தது. வைத்தியர்கள் கொதித்தார்கள். மார்ச் 17ல் ஷாங்காய் நகரில் கூடி எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

பிறகு காலம் மாறியது. 1956ல் பீக்கிங், ஷாங்காய், கான்டன், செங்டு ஆகிய நான்கு நகரங்களில் சீன வைத்தியக் கல்லூரிகளை அரசாங்கமே தொடங்கியது. இன்று சீன வைத்திய ஆஸ்பத்திரிகளிலும் எக்ஸ்ரே இருக்கிறது. ஆக்சிஜன் இருக்கிறது. இரண்டு முறைகளும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன.

இதில் ஒரு நன்மை உண்டு. நோயாளி எந்த மருந்தையும் ஒளித்துச் சாப்பிட வேண்டியதில்லை. ஊசி போடும் டாக்டருக்குக் கஷாயம் தெரியும். கஷாயம் கொடுக்கும் வைத்தியருக்கு ஊசி தெரியும்.

சார்ஸ் வந்தபோது

2002 நவம்பரில் தென் சீனாவில் ஒரு புது நிமோனியா கிளம்பியது. சார்ஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 8 ஆயிரம் பேருக்கு மேல் பிடித்தது. 774 பேர் இறந்தார்கள்.

நோயாளிகளைக் கவனித்தவர்களையும் அது விடவில்லை. கான்டனில் உள்ள சீன வைத்திய ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் யே சின் அதே வியாதி தொற்றி 2003 மார்ச்சில் இறந்தார். சீன மக்கள் இன்றும் அவரை மறக்கவில்லை.

அப்போது பல நோயாளிகளுக்கு ஆங்கில மருந்தோடு மூலிகையும் கொடுத்தார்கள். பலன் என்ன?

640 நோயாளிகளைப் பற்றிய 13 ஆராய்ச்சிகளை நிபுணர்கள் பிற்பாடு சேர்த்துப் பார்த்தார்கள். சில மூலிகைகளால் நோயின் தொல்லை குறைந்திருக்கலாம். நுரையீரலில் இருந்த கறை சீக்கிரம் மறைந்திருக்கலாம். ஆனால் சாவு குறைந்ததாகத் தெரியவில்லை. அந்த ஆராய்ச்சிகளும் திருத்தமாகச் செய்யப்படவில்லை. இதுவே அவர்கள் முடிவு.

564 பேருக்கு முற்றவில்லை, ஆனால்...

2019 டிசம்பரில் வூகான் நகரில் இன்னொரு புது நிமோனியா வந்தது. அதுதான் உலகத்தையே ஆட்டிவைத்த கொரோனா.

சீன அரசாங்கம் மறுபடியும் மூலிகையைத் துணைக்கு அழைத்தது. 2020 பிப்ரவரியில் 21 சரக்குகள் சேர்ந்த ஒரு கஷாயத்தைச் சிபாரிசு செய்தது. சாங் சுங்ஜிங் எழுதிய பழைய கஷாயம் அதற்குள்ளும் இருந்தது! 2020 மார்ச்சில் அரசாங்கம் ஒரு கணக்கு வெளியிட்டது. 74,187 நோயாளிகளுக்குச் சீன வைத்தியம் செய்யப்பட்டது. அதாவது 100க்கு 91 பேருக்கு மேல் என்று சொன்னது.

வூகானில் சீன வைத்தியத்துக்கென்றே ஒரு தற்காலிக ஆஸ்பத்திரியைத் திறந்தார்கள். சாங் போலி என்ற பிரபல வைத்தியர் அதைக் கவனித்தார். 564 நோயாளிகள் சேர்ந்தார்கள். ஒருவருக்குக் கூட வியாதி முற்றவில்லை என்று அறிவித்தார்கள்.

கேட்பதற்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அங்கே சேர்க்கப்பட்டவர்கள் லேசாக வியாதி கண்டவர்கள். லேசான கொரோனா பெரும்பாலோருக்குத் தானாகவே குணமாகும். கஷாயம் சாப்பிடாமல் இருந்தால் அவர்களில் எத்தனை பேருக்கு முற்றியிருக்கும்? பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேறு நோயாளிகள் இல்லை. ஆகவே கஷாயம்தான் காப்பாற்றியது என்று இதிலிருந்து சொல்ல முடியாது.

ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. "லியான்ஹுவா சிங்வென்" என்பது சீனாவில் பிரசித்தமான மூலிகை மாத்திரை. 284 கொரோனா நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. ஒரு பிரிவுக்கு மட்டும் இந்த மாத்திரையும் உண்டு.

மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 7 நாளில் தொல்லை நீங்கியது. மற்றவர்களுக்கு 10 நாள் ஆயிற்று. ஆனால் வியாதி முற்றுவதில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. அது மட்டும் அல்ல. யார் மாத்திரை சாப்பிட்டார்கள் என்பது நோயாளிக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். "மருந்து சாப்பிடுகிறேன்" என்ற தைரியமே சிலருக்குப் பாதி வியாதியைக் குறைத்துவிடும். அதனால் இந்தப் பரீட்சை முழுப் பரீட்சை ஆகாது.

சரியான பரீட்சை

அப்படியானால் சரியான பரீட்சை எது?

நோயாளிகளைக் குலுக்கிப் போட்டு இரண்டு பிரிவாக்க வேண்டும். ஒரு பிரிவுக்கு மருந்து. மறு பிரிவுக்குச் சத்து இல்லாத போலி மருந்து. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியக் கூடாது. பிறகு இரண்டு பிரிவிலும் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எண்ண வேண்டும்.

சீனாவில் இப்படியும் ஒரு மூலிகை மருந்தைச் சோதித்தார்கள். இது பாராட்டத் தக்க காரியம்.

அந்த மருந்தின் பெயர் "சுயே பி சிங்". குசும்பப் பூவும் இன்னும் நான்கு மூலிகைகளும் சேர்ந்தது. இது கஷாயம் அல்ல. ரத்தக் குழாயில் ஏற்றும் ஊசி மருந்து. 2004ல் சீன அரசாங்கம் இதை அனுமதித்தது.

கடுமையான நிமோனியா கண்ட 710 பேரை 33 ஆஸ்பத்திரிகளில் இந்தச் சோதனையில் சேர்த்தார்கள். எல்லோருக்கும் கிருமிக்கொல்லி மருந்து உண்டு. ஆஸ்பத்திரி கவனிப்பு உண்டு. ஒரு பிரிவுக்கு மட்டும் கூடுதலாக இந்த ஊசி. மறு பிரிவுக்குப் போலி ஊசி.

28 நாள் கழித்து எண்ணினார்கள். போலி ஊசி போட்டவர்களில் 100க்குச் சுமார் 25 பேர் இறந்திருந்தார்கள். மூலிகை ஊசி போட்டவர்களில் 100க்குச் சுமார் 16 பேர். 2019ல் இந்த முடிவு வெளியாயிற்று.

2023ல் இன்னொரு பெரிய சோதனையின் முடிவும் வந்தது. கிருமி பாதிப்பு உடல் முழுவதையும் தாக்கும் "செப்சிஸ்" என்ற ஆபத்தான நிலையில் இருந்த 1,817 பேர் மீது அது நடந்தது. நிமோனியா முற்றினாலும் இந்த நிலை வரும். அங்கும் மூலிகை ஊசி போட்ட பிரிவில் சாவு குறைந்தது. 100க்கு 26 என்பது 100க்கு 19க்கு இறங்கியது.

இது சின்ன விஷயம் அல்ல. மற்ற நாடுகளிலும் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அங்கும் இதே பலன் கிடைத்தால் ஏராளமான உயிர்கள் பிழைக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த நோயாளிகள் யாருக்கும் கிருமிக்கொல்லி மருந்தை நிறுத்தவில்லை. ஆக்சிஜனை எடுக்கவில்லை. மூலிகை கூடுதலாகத்தான் வந்தது. அதுவும் டாக்டரின் கையால், அளந்து வந்தது.

மருந்தே வியாதி ஆன கதை

இப்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

"மீன் வாசனைப் புல்" என்று சீனர்கள் அழைக்கும் ஒரு செடி உண்டு. நுரையீரல் வியாதிக்கு அதை வெகு காலமாகப் பயன்படுத்துகிறார்கள். அதிலிருந்து ஊசி மருந்து செய்து நோயாளிகளுக்குப் போட்டார்கள். சிலருக்கு உடனே ஒவ்வாமை வந்து உயிருக்கே ஆபத்து ஆனது. இறந்தவர்களும் உண்டு. 2006 ஜூன் மாதத்தில் சீன அரசாங்கமே அந்த ஊசிகளை நிறுத்திவைத்தது. வாயால் சாப்பிடும்போது ஒத்துக்கொண்ட செடி, ரத்தத்தில் ஏறியபோது எமன் ஆயிற்று.

இன்னொரு கதை ஜப்பானில் நடந்தது. சாங் சுங்ஜிங்கின் அதே நூலில் உள்ள மற்றொரு கஷாயம் அங்கே மிகப் பிரபலம். கல்லீரல் வியாதிக்காரர்கள் அதைச் சாப்பிட்டு வந்தார்கள். அவர்களில் சிலருக்கு டாக்டர்கள் "இன்டர்பெரான்" என்ற ஊசியையும் போட்டார்கள்.

இரண்டும் சேர்ந்தபோது விபரீதம் விளைந்தது. சிலருக்கு நுரையீரல் புண்பட்டு ஒருவகை நிமோனியாவே வந்துவிட்டது! இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்று 1994ல் தடுத்தார்கள். கஷாயத்தைத் தனியாகச் சாப்பிட்ட சிலருக்கும் அது வந்தது. 1996 மார்ச்சில் ஜப்பான் அரசாங்கம் அவசர எச்சரிக்கை விடுத்தது. 88 பேருக்கு இந்த வியாதி கண்டது. அவர்களில் 10 பேர் இறந்தார்கள் என்று அது சொன்னது.

1,800 ஆண்டுப் பழைய கஷாயம். புத்தம் புது ஊசி. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பழைய நூலில் எழுதியிருக்க முடியாது. ஏன் என்றால் அந்த நூல் எழுதிய காலத்தில் இந்த ஊசி இல்லை. "எங்கள் பாட்டன் காலத்து மருந்து, ஒன்றும் ஆகாது" என்ற வாதம் இங்கேதான் உடைகிறது.

வீட்டில் என்ன செய்வது?

நம் வீடுகளிலும் கஷாயம் உண்டு. இருமலுக்கு அதிமதுரம் வாயில் போடாத வீடு இல்லை. ஆகவே சீனாவின் பாடம் நமக்கும் பாடம்தான்.

மூச்சைக் கவனியுங்கள். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். 2 மாதம் ஆகாத குழந்தை நிமிஷத்துக்கு 60 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால் ஆபத்து. 2 மாதம் முதல் ஒரு வயது முடியாத குழந்தைக்கு 50. ஒரு வயது முதல் 5 வயது வரை 40.

மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா? உதடு நீலம் பாய்கிறதா? குழந்தை பால் குடிக்க முடியாமல் துவள்கிறதா? அடுப்பில் கஷாயம் வைத்துக் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வயோதிகர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலும் நிமோனியா வரும். திடீரென்று தடுமாறிப் பேசினால், மூச்சு வாங்கினால் அலட்சியம் வேண்டாம்.

ஏதாவது மூலிகை மருந்து சாப்பிட்டு வந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். பொட்டலத்தையே எடுத்துக்கொண்டு போங்கள். "திட்டுவாரோ" என்று பயந்து மறைப்பவர்கள் உண்டு. டாக்டர்களுக்கும் நாம் ஒன்று சொல்லுவோம். நோயாளியைத் திட்டாதீர்கள். திட்டினால் அவர் கஷாயத்தை விடமாட்டார், சொல்லுவதைத்தான் விட்டுவிடுவார்.

காய்ச்சல் இறங்கியதும் டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். "கஷாயம் சாப்பிடுகிறேனே" என்பது அதற்குக் காரணம் ஆகாது.

நாம் சொல்லுவது

பழையது என்பதற்காக ஒரு மருந்தை ஒதுக்க வேண்டாம். பழையது என்பதற்காகவே கண்ணை மூடிக்கொண்டு விழுங்கவும் வேண்டாம். வெளிநாட்டு மருந்து, நாட்டு மருந்து என்ற பேதமும் வேண்டாம். நிமோனியாக் கிருமிக்குத் தேசம் இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. சோதித்துப் பார்த்தார்களா? அதனால் கூடுதலாக எத்தனை பேர் பிழைத்தார்கள்?

இந்தக் கேள்விக்குச் சீன நாட்டின் ஒரு மூலிகை ஊசி பதில் சொல்லத் தொடங்கியிருக்கிறது. மற்ற மூலிகைகளும் பரீட்சைக்கு வரட்டும். தேறியவற்றை இரு கை நீட்டி வரவேற்போம்.

அதுவரை வரிசை இதுதான். முதலில் ஆஸ்பத்திரி. அடுத்து டாக்டரின் மருந்து. கஷாயம் வேண்டுமானால், டாக்டருக்குத் தெரிந்து, அதற்குப் பிறகு.